வல்லை வெளியில் இருந்து வந்த படங்கள்

பொழுது சாய்ந்து, பஸ்கள் லைட் போட்டு ஓடத் தொடங்குகிற நேரம். வல்லை வெளி.

பகலிலேயே அந்த இடத்தில் நிற்க மனம் வராது. இரண்டு பக்கமும் தண்ணீர். மரமில்லை, வீடில்லை, ஒதுங்க ஒரு கடைத் தாழ்வாரம்கூட இல்லை. காற்று மட்டும்தான்... அந்த வீதியால் மோட்டார்சைக்கிளில் தனியே வந்த ஒருவரின் கதை இது.

கிட்ட வந்து இருங்கள். மழை இப்போதைக்கு விடாது. கரோல் பாடப் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதைதானா கிடைத்தது என்று போதகர் கேட்டால், நீங்கள்தான் கேட்டீர்கள் என்று சொல்லிவிடுவேன். யாராவது அந்த யன்னலைச் சாத்துங்கள். மெழுகுதிரி அணையப் போகிறது.

இது எனக்கு நடந்ததல்ல. என்னோடு வேலை செய்கிற ஜெரிசனின் அக்கா ஜெயனிக்கு நடந்தது. ஜெரிசன் கதை கட்டுகிற ஆள் இல்லை. இதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினான்.

ஜெயனியின் கணவர் பெயர் கொலின்ஸ். அச்சுவேலியில் இருந்துகொண்டு கலியாணவீடுகளுக்குப் படம் எடுத்தவர். அந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவரை நினைவிருக்கும். கமெராவைத் தூக்குவதற்கு முதல் கலியாணப் பொம்பிளையிடம் போய், "தங்கச்சி, தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்பார். விடிய எழும்பிச் சேலை கட்டி, தலை கட்டி, மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் கிடைக்காமல் இருக்கிற பிள்ளை அப்போதுதான் சிரிக்கும். அந்தச் சிரிப்பை எடுத்துவிடுவார்.

அவருடைய தமையன் கனடாவில். அங்கிருந்து ஒருவரிடம் ஒரு மெமரி கார்ட் கொடுத்து அனுப்பியிருந்தார். பார்க்கச் சாதாரண கார்ட்தான், விரல் நகம் அளவு. ஆனால் அதற்குள் வைஃபை இருந்தது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை ஒருதரம் அதற்குக் கொடுத்துவிட்டால் போதும். கமெரா 'ஒன்'னில் இருந்தபடி வீட்டுக்குக் கிட்ட வந்தால், எடுத்த படங்கள் எல்லாம் வயர் இல்லாமல், கார்டையும் கழற்றாமல், தாமாகவே வீட்டுக் கொம்பியூட்டருக்கு வந்துவிடும். ஒவ்வொரு படம் வரும்போதும் ஒரு சின்னச் சத்தம்... டிங்.

கொலின்ஸ் வீட்டு ஒழுங்கை திரும்புகிற முடக்கில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி, பைக்குள் கையை விட்டுக் கமெராவை 'ஒன்' பண்ணிவிட்டுத்தான் வருவார். வாசல் படலை திறபடும் முன்னமே உள்ளே டிங்... டிங்... என்று படங்கள் வரத் தொடங்கும். அதைக் கேட்டதும் ஜெயனி சிரித்துக்கொண்டு தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பாள். கொலின்ஸின் தாய் நவமணி குசினியில் நின்றால் அவரே வைத்துவிடுவார். அந்த வீட்டில் கொலின்ஸ் வருகிற சத்தமே அதுதான்.

கொரோனாவுக்கு முந்தின வருடம், கார்த்திகை மாதம். வல்லை வெளிக்கு அப்பால், நெல்லியடிப் பக்கத்தில் ஒரு கலியாணம். பின்னேரம் போல வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொழுது படும்போது இடியும் மின்னலும். சும்மா மின்னல் இல்லை... அறைக்குள் இருந்தாலும் கண்ணைக் கூசவைக்கிற மின்னல்.

மின்னலுக்கு நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் ஜெயனியும் செய்தாள். டிவியின் பிளக்கைக் கழற்றினாள். வைஃபையின் பிளக்கையும் கழற்றினாள். கொலின்ஸுக்குப் போன் எடுத்தாள், போகவில்லை. இந்த மழைக்குள் வெளிக்கிட மாட்டார், கலியாணவீட்டிலேயே நின்றுவிட்டார் என்று நினைத்தாள். கதிரையில் சாய்ந்தாள். கண் அயர்ந்துவிட்டது.

காலையில் பொலிஸ் போன் எடுத்தது.

வல்லை வெளியில் ஏதோ வாகனம் தட்டிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மோட்டார்சைக்கிள் வீதிக்கரையில் கிடந்தது. அவர் கீழே, தண்ணீர் விளிம்பில், புல்லுக்குள். கால் எலும்பு முறிந்திருந்தது. எழும்ப முடியவில்லை. உடனே உயிர் போகவில்லை என்று டொக்டர் சொன்னார். கனநேரம் உயிரோடு இருந்திருக்கிறார்... கனநேரம். அந்தச் சொல்லை ஏன்தான் அந்த மனிசன் சொன்னாரோ.

கமெராவைக் காணவில்லை. ஜெரிசன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறங்கித் தேடினான். சேறுதான்.

அதற்குப் பிறகு ஜெயனி அழவில்லை. கதைக்கவும் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும் ஜெரிசனிடம் சொன்னாள்: "நான் வைஃபையைக் கழட்டாமல் இருந்திருந்தா, ஏன் இன்னும் சத்தம் கேக்கேல்லை எண்டு தேடியிருப்பனடா. கழட்டிப்போட்டு நித்திரை கொண்டிட்டன்."

முப்பத்தோராம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். பொழுது படுகிற நேரம், தூறல். அன்றைக்கு நினைவுப் படம் ஒன்றைத் தேடி எடுப்பதற்காகக் கொம்பியூட்டரையும் வைஃபையையும் போட்டவர்கள் நிற்பாட்ட மறந்துவிட்டார்கள். ஜெயனி முன் அறையில். ஜெரிசன் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான். நவமணி மாமி குசினியில்.

டிங்.

குசினியில் இருந்து மாமியின் குரல் வந்தது. "பிள்ளை, அவன் வந்திட்டான் போல."

கேத்தில் மூடி திறபடும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். பிறகு... கேத்தில் நிலத்தில் விழுந்து உருண்டது.

டிங். டிங்.

மூவரும் கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு கலியாணவீடு. மணவறை. பூமாலை. பொம்பிளை ஒரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நெல்லியடிக் கலியாணம்.

ஜெரிசனுக்கு வந்த முதல் எண்ணம், கள்ளன். யாரோ கமெராவை எடுத்திருக்கிறான், இப்போது ஒழுங்கைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறான். வெறுங்காலோடு ஓடினான். படலையைத் திறந்தான்.

ஒருவருமில்லை. ஈர மணலில் ஒரு காலடிகூட இல்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, அவன் வெளியே வந்ததும் நின்றுவிட்டன. ஒரு மணம் மட்டும் இருந்தது. உப்பும் சேறும் அழுகின பாசியும் கலந்த மணம். தண்ணீருக்குள் இறங்கித் தேடிய நாளில் அவனுடைய காற்சட்டையில் ஊறியிருந்த அதே மணம்...

அவன் திரும்பி உள்ளே வரும்போது படங்கள் நின்றிருந்தன.

அடுத்த நாள் அவன் பொழுது படும் முன்னமே ரோச்லைட்டோடு படலையடியில் போய் நின்றான். யார் வந்தாலும் பிடிப்பது என்று. மழை மெல்லத் தொடங்கியது. ஒழுங்கை முடக்கைப் பார்த்தபடியே நின்றான். ஒருவரும் வரவில்லை. ஆனால் அந்த மணம் வந்தது. முடக்கில் இருந்து வந்தது. அவனுக்குப் பக்கத்தில் வந்தது. அவனைக் கடந்து, முற்றத்துக்குள் போனது. கடக்கும்போது அவனுடைய வலது கை மட்டும் குளிர்ந்தது.

உள்ளே... டிங்.

அவன் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஜெயனி கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். மாமி அவளுடைய தோளைப் பிடித்தபடி. இப்போது வந்துகொண்டிருந்தவை கலியாணப் படங்கள் இல்லை.

முதலாவதில் புல். பக்கத்தில் வைத்து எடுத்தது போலப் பெரிய பெரிய புல். பின்னால் கறுப்பு. அடுத்ததும் புல்தான். மழைத்துளிகள் வெள்ளை மணிகளாக நிற்கின்றன. அடுத்தது வெறும் வானம். அடுத்தது வீதிக்கரைக் கல். பிறகு திரும்பவும் புல்.

"என்னக்கா இது? விழேக்கை கமெரா தன்ரை பாட்டிலை எடுத்திருக்கோ?" என்று கேட்டான் ஜெரிசன்.

ஜெயனி தலையை ஆட்டினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. படக்காரனின் பெண்சாதியல்லவா.

"இல்லையடா. அவர் படம் எடுக்கேல்லை. பிளாஷ் அடிச்சிருக்கிறார். ரோட்டாலை போறவை வெளிச்சத்தைப் பாக்கட்டும் எண்டு."

டிங்.

தூரத்தில் இரண்டு புள்ளி வெளிச்சம். அடுத்த படத்தில் அது பெரிதாக. அடுத்ததில் ஒரு லொறியின் பக்கம். அடுத்ததில் சிவப்பு லைட் இரண்டு, சின்னதாக. பிறகு புல்.

திரும்பத் திரும்ப அப்படித்தான். வெளிச்சம் வரும். கிட்ட வரும். போய்விடும்.

ஒன்று பஸ். உள்ளே லைட் எரிகிறது. யன்னலோரம் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் நேரே கமெராவைத்தான் பார்க்கிறாள்... வெளிச்சத்தைக் கண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு வானம் முழுக்க மின்னல். மின்னலென்று நினைத்திருப்பாள். அந்த வெளியால் போன எல்லோருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நவமணி மாமி திரையில் கையை வைத்தார். "என்ரை ராசா... என்ரை ராசா..." என்று சொல்லிக்கொண்டு அந்தப் புல்லைத் தடவினார்.

ஜெரிசனால் தாங்க முடியவில்லை. "காணும் அக்கா. இனிப் பாக்க வேண்டாம்" என்று வைஃபையின் பிளக்கைப் பிடித்தான்.

ஜெயனி அவனுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். ஒரு மாதமாகச் சோறு தின்னாத கைக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. அவனுடைய கையில் நகம் பதிந்தது.

"அண்டைக்குக் கழட்டினனான். இண்டைக்குக் கழட்ட விடமாட்டன். அவர் காட்டுறதை ஆராவது பாக்க வேணும்தானே. விடு."

விட்டுவிட்டான். மூவரும் பார்த்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்தார்கள். வெளியே மழை சத்தமில்லாமல் பெய்தது. படங்களுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. கமெராவின் பட்டறி இறங்குகிறதா, கை இறங்குகிறதா என்று தெரியவில்லை. வெளிச்சம் மங்கி மங்கி, புல்லும் தெரியாமல், வெறும் கறுப்பாக வந்தன சில.

பிறகு கனநேரம் ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

டிங்.

அது தெளிவான படம். கையை நீட்டிக் கமெராவைத் தன் பக்கம் திருப்பி எடுத்திருக்கிறார். கொலின்ஸின் முகம். மழை வழிகிறது. உதடு வெளுத்திருக்கிறது. ஆனால்... சிரிக்கிறார். ஆறுதலான சிரிப்பு. தேடிய ஆள் வந்து சேர்ந்தால் வருமே, அப்படி.

அவருடைய தலை நிலத்தில் இல்லை. ஒரு பெண்ணின் மடியில் இருக்கிறது. அவள் குனிந்து, மழை படாமல் தன் முகத்தால் அவருடைய முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை அவருடைய நெஞ்சில்.

மாமிதான் முதலில் சொன்னார். "பிள்ளை... இது நீயெல்லோ."

ஜெயனிதான். அந்த மூக்கு, அந்த நாடி, இடது புருவத்துக்கு மேலே இருக்கிற மச்சம். சந்தேகமே இல்லை.

அப்போதுதான் ஜெயனி அழுதாள். செத்தவீட்டில் வராத அழுகை. "மாமி, நான் போயிருக்கிறன். நித்திரையிலை கிடந்தன் எண்டு நினைச்சன். நான் போயிருக்கிறன் மாமி. அவர் தனியச் சாகேல்லை." அழுகையும் சிரிப்புமாக மாமியைக் கட்டிப் பிடித்தாள். மாமியும் அழுதார். "ஓம் பிள்ளை, ஓம்" என்று அவளுடைய முதுகைத் தடவினார்.

ஜெரிசன் படத்தைப் பெரிதாக்கினான். அக்காவின் முகத்தைக் கிட்டப் பார்க்கத்தான். பெரிதாக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

தலைமயிர் வெள்ளையாக இருந்தது. ஈரத்தில் பிளாஷ் பட்டால் அப்படித் தெரியும் என்று நினைத்தான். படத்தைக் கீழே இழுத்தான். நெஞ்சில் வைத்திருந்த கை வந்தது. தோல் சுருங்கி, நரம்பு புடைத்து, விரல்கள் மெலிந்து... கலியாண மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதில் நூல் சுற்றியிருந்தது. கிழவி ஒருத்தியின் கை. எண்பது வயது இருக்கும்.

ஜெயனி மாமியின் தோளில் இருந்து தலையைத் தூக்கினாள். திரையைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது முப்பதுகூட நிரம்பவில்லை. மோதிரம் விரலில் இறுகக் கிடந்தது.

மழை கூரையில் பலக்கத் தொடங்கியது. அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். ஜெரிசனிடம் கேட்கவில்லை, மாமியிடமும் கேட்கவில்லை. யாரிடம் கேட்டாளோ தெரியாது.

"நான் போய்ச் சேர அவ்வளவு காலமோ... அவ்வளவு காலமும் அவர் அந்த மழைக்குள்ளையோ கிடக்கப்போறார்?"