பச்சை அடித்த மலை

கண்டியில் மூட்டை தூக்கும் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு மாத்தளையில் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. எனக்கு முன் சீட்டில் மடியில் பெட்டியோடு இருந்த பெண், அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்ததும் கத்தினாள்.

“நானா, மலையை யாருக்குக் குடுத்தீங்க?”

பக்கத்தில் இருந்த அண்ணன் அட்டைப் படத்தைப் பார்த்தார்.

“மேப்புல அந்த இடம் மட்டும் வெள்ளையா கிடந்திச்சி. மறந்துட்டாங்கன்னு நான்தான் அச்சகத்துல பச்சை அடிக்கச் சொன்னேன்.”

“ரெண்டு நாடும் அந்த மலைக்குத்தானே சண்டை! ஏழு வருஷமா அதைத்தானே ஆராய்ச்சி பண்ணி எழுதினேன். அதான் வெள்ளையா விட்டேன். மேப்புல பச்சை ஒரு நாட்டோட நிறம். இன்னைக்கு புத்தக வெளியீட்டுக்கு ரெண்டு தூதரகத்து ஆளும் முதல் தடவையா ஒரே மேடைக்கு வாறாங்க. இதைப் பார்த்தா ஒருத்தர் எழும்பிப் போயிடுவாரு!”

“சுரண்டிப் பார்ப்போமா?”

“கிழியும் நானா!”

அவர்களுக்குப் பின் சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண், கண்டியில் விற்கக் கொண்டுபோன ஒட்டுப் பொட்டுகளை எடுத்து நீட்டினாள்.

“நகம் அளவு மலைதானே மிஸ். மறைச்சிருங்க.”

மூவரும் அவசரமாக ஒட்டினார்கள். வழியில் அக்குறணை தாண்டுவதற்குள் பெட்டியிலிருந்த நாற்பது புத்தகத்திலும் மலை மறைந்துவிட்டது.

“ஏன் பொட்டுன்னு கேட்டா என்னா சொல்லுவ?” என்றார் அண்ணன்.

“ரெண்டு பேரும் கேட்கட்டும் நானா,” அவள் சிரித்தாள். “அவங்க ஒரே கேள்வி கேட்டு நான் இன்னும் பார்த்ததில்ல.”