கீரி இருந்த இடம்

— சீட்டைக் கலைக்காதீங்க அம்மிணி, இருங்க. எப்படித் தோத்தேன்னு பாத்துப்போட்டுத்தான் எந்திரிப்பனுங்.

— கரண்டு வர இன்னும் கால் மணி நேரம் கிடக்கு, பொங்கியண்ணன் அண்ணாச்சி. நல்லாப் பாருங்க. கேண்டீன்ல எல்லாரும் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி.

— சிரிக்காதீங்க விஜயராணி. ரெண்டாயிரத்தாறுல இருந்து இந்த மேசையில என்னைய ஒருத்தரும் செயிச்சதில்லீங்.

— இப்ப செயிச்சாச்சுல்லா. பேக்கிங் பொம்பளையளுக்குப் பெட்டி ஒட்டத்தான் தெரியும், சீட்டு மண்டையில ஏறாதுன்னியளே. பெருமையாத்தாம் இருக்கு, மறைக்க மாட்டேன். மூக்கம்மா வேலைய ஒரே ஆட்டத்துல திருப்பி வாங்கிட்டம்லா!

— பந்தயம் பந்தயந்தானுங். அவளை மறுபடி சேத்துக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட நானே பேசறேன். ஆனா இதைக் கையில வெச்சுக்கிட்டே தோத்தேன் பாருங்க, அதுதான் மனசு ஆற மாட்டேங்குது.

— ஐயோ, ராஜநாகமா! கடைசி வரைக்கும் எறக்கவே இல்லியா? என் பக்கத்துச் சீட்டு பூராத்தையும் முழுங்கியிருக்குமே!

— எப்படிங் எறக்கறது? நீங்க பொறுக்கிச் சேத்து வெச்ச முப்பது சீட்டுக் கட்டுல கீரி இருக்குதே. நாகத்து மேல கீரி விழுந்தா நாகத்தைப் போட்டவன் அங்கயே அவுட்டு. மூணு வாரத்துக்கு முன்னால கட்டிங் செக்சன் ராபினை நீங்க அப்படித்தானே சாச்சீங்க? இதே பெஞ்சுல உக்காந்து பாத்தனுங்.

— அந்தக் கீரி அது ஒண்ணுக்குத்தான் ஆகும், அண்ணாச்சி. புலி வந்தாலும் தடுக்காது, கழுகு வந்தாலும் தடுக்காது. நாகம் வரலன்னா கையில சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கும். வேலம்பாளையத்துல சீட்டு விக்கிற ஜாஹித் அண்ணனே, முப்பதுல ஒண்ண ஏன் வீணாக்குதேன்னு ஏசுனாவ.

— என்னைய மாதிரி நாகத்தை நம்பி ஆடறவனுக்கு அந்த ஒண்ணே போதுமுங்களே. அன்னைலருந்து நானும் கவனிச்சுட்டே வந்தேன். தினமும் மத்தியானம் கட்டை எடுத்து வெப்பீங்க, மேலாப்புல கீரிதான் இருக்கும்.

— இன்னைக்கும் இருந்துச்சா?

— இன்னைக்குப் பாக்கலீங். இத்தன நாள் இருந்தது இன்னைக்கு எங்க போயிரப் போகுது?

— அங்கனதாம் நான் செயிச்சது. இந்தாங்க கட்டு. எண்ணிப் பாருங்க.

— இருபத்தெட்டு... இருபத்தொம்போது... முப்பது. ஏனுங் அம்மிணி, கீரியவே காணம்!

— அது இருந்த எடத்துல ஒரு புலியச் சேத்துட்டேன். முப்பதும் அடிக்கிற சீட்டு. கீரி இருக்குன்னு நீங்க நம்புனாப் போதும், கீரி எதுக்கு? இல்லாத கீரிக்குப் பயந்து உங்க நாகத்த நீங்களே கட்டிப் போட்டிய.

— அட சாமி! இல்லாத சீட்டைக் காட்டியே சாச்சுப்போட்டீங்களே. கெட்டிக்காரிதானுங் நீங்க, ஒத்துக்கறேன்.

— மூக்கம்மா மேல தப்பு இல்லங்கதையும் ஒத்துக்கிடுங்க.

— அதுமட்டும் முடியாதுங். வேலைக்கு வரட்டும், வேண்டாங்கல. ஆனா அவ வேலை போகக் காரணமான அந்தக் கறைபட்ட பனியன், நான் பாஸ் பண்ணினப்ப பெட்டியில இல்லீங். பொறவு ஒட்டறப்ப அவதான் மாத்தி வெச்சிருக்கோணும்.

— அவ தூத்துக்குடில இருந்து என்கூட ஒரே பஸ்ல வந்தவ. ஒரு நூலு பிசிறு இருந்தாலும் எடுத்துக் காட்டுவா. கறைய மறைச்சு வைப்பாளா? நீங்க மேல் பீஸ மட்டும் பாத்துட்டு சீல் குத்துதியன்னு அவ சொன்னா, யாரும் காதுல வாங்கல.

— அபாண்டமுங்க அது! சரக்கைச் சோதிக்கப் பையர் ஆபீஸ் அனுப்பற கியூசி நான். ஒவ்வொரு பெட்டியும் அடி வரைக்கும் பாக்காம சீல் குத்த மாட்டேன்.

— இன்னைக்குக் காலையிலயும்?

— நாப்பது பெட்டியுமுங். அவிநாசியப்பர் மேல ஆணையாச் சொல்றேன்.

— பதினேழாம் நம்பரும் அடி வரைக்கும் பாத்தியளா?

— பதினேழும்தானுங். ஏன் அதை மட்டும் கேக்கறீங்க?

— அந்தா கரண்டு வந்துட்டு. மேனேஜரையும் கூப்பிடுங்க அண்ணாச்சி, லாரி வாரதுக்குள்ள பதினேழைப் பிரிச்சிருவோம். அடிப் பனியனுக்குக் கீழ என் கீரி கிடக்கு, நேத்து சாயந்தரமே வச்சது.