மூன்றாம் தட்டு மடு

மாலை நான்கு மணி. சர்க்கார் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மூடுபனி... பத்தடிக்கு அப்பால் கண் தெரியவில்லை.

இது நம்ம லிண்ட்சேயின் பெரியப்பா ஆறுமுகத்துக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அந்தக் காட்டில் அவர் காவலாள். ஏழு தட்டாக விழும் அருவியைத் தினம் ஒரு தடவை சுற்றி வர வேண்டும். மரம் வெட்டுகிறவன், மான் சுடுகிறவன் இருந்தால் பிடிக்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் நம்ம தீவை வாரிப்போட்டதற்கு அடுத்த வருஷம் அது. அவர் மகள் தனலட்சுமிக்கு ஒன்பது வயது. இரண்டு காலும் விளங்காமல் போயிருந்தன. அவள் எழுந்து நின்றால் போதும் என்று காவடி நேர்ந்து, கையில் காப்புக் கட்டி, அன்றைக்கு ஏழாம் நாள்.

மூன்றாம் தட்டு மடுவில் ஒரு முதுகு மிதந்தது. காக்கிச் சட்டை. கூட வேலை பார்க்கும் மார்செல்... இரண்டு நாளாகக் காணோம் என்று அவன் மனைவி ஜினெட் தேடாத இடம் இல்லை.

காப்புக் கட்டியவன் பிணத்தைத் தொட்டால் தீட்டு. விரதம் போச்சு, வேண்டுதலும் போச்சு. வெளியே சொன்னால் இடத்தைக் காட்ட வேண்டும், தூக்க ஒரு கை கொடுக்க வேண்டும். காவடிக்கு இன்னும் மூன்றே நாள். செத்தவன் பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தார். பயமும் இல்லை, துக்கமும் இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது. வந்த வழியே நடந்தார்.

பின்னால்... சளக்... சளக்... தண்ணீர் புகுந்த பூட்ஸ் சத்தம். இவர் நின்றால் அதுவும் நின்றது. பாசி வாடை வேறு. திரும்பிப் பார்க்காமலே வீடு சேர்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரம் ஜினெட் வாசலில் வந்து நின்றாள்.

"ஆறுமுகம், மார்செலைப் பாத்தியா?"

"நோன்... இல்ல, பாக்கல."

அவள் போய்விட்டாள்.

அன்றைக்குப் படுக்கும்போது தனலட்சுமி அப்பாவைக் கூப்பிட்டாள். "பாபா, கால் சில்லுன்னு இருக்கு... தண்ணியில நிக்கிறேன்."

தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. முருகன் கண் திறந்துவிட்டார் என்று அவர் மனைவி கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள், தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது என்றாள் பிள்ளை. அடுத்த நாள் இடுப்பு. காவடியன்று காலையில் மார்பு.

ஆறுமுகம் காவடி எடுத்தார். அலகு குத்தியது வலிக்கவில்லை. காப்பை அவிழ்த்த கையோடு மூன்றாம் தட்டுக்கு ஓடினார். மடு தெளிந்து கிடந்தது. அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. மார்செல் இல்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினார். ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கோவிந்தம்மா சிரிப்பும் அழுகையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னங்க, உள்ள வந்து பாருங்க... புள்ள நிக்கிறா!"

நின்றாள். அறை நடுவே, எதையும் பிடிக்காமல்... குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில். முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி, உதட்டை இறுக மூடியிருந்தாள். ஆறுமுகம் எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.