ஒரு ஓரமா நிண்டு பாக்கிறன்

டிக்கெட் முடிஞ்சுதெண்டு கதவிலை ஒட்டியிருக்கிறதை நானும் வாசிச்சனான், ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. சம்பளமில்லாமல் வாசல் பாக்க வந்த மனுசனுக்கு இவ்வளவு கண்டிப்போ? ஒரு ஆள் கூடினால் மண்டபம் வெடிச்சிடுமோ? ஒரு ஓரமா நிண்டு பாக்கிறன், விடுங்கோ. சிரிக்காதேங்கோ, ஷிப்ட் முடிஞ்ச கையோடை பக்டரி உடுப்போடை ஓடி வந்திருக்கிறன்.

என்னது, எனக்கும் அமெரிக்கன் பாண்டுக்கும் என்ன சம்பந்தமோ? கேளுங்கோவன். ஒஹாயோவிலை ஒரு குட்டி ஊர், எங்கட பிராண்டேயிலை பாதியும் வராது. அங்கை ரயர்க்கடைக்குப் பின்னாலைதான் நாலு பெடியள் துவங்கினவங்கள். பாட்டுக்காரன் இப்பவும் பள்ளிக்கூட பஸ் ஓடுறான். கிற்றார், பிடில், ட்ரம்ஸ் எண்டு அவங்கள் வெளுத்து வாங்கேக்கை காலைச் சும்மா வைச்சிருக்கேலாது அண்ணை! வேலையிலை காதிலை போட்டுக்கொண்டு ஆடி, மேனேஜரிட்டைப் பேச்சு வாங்கினனான்.

முதல் அல்பத்தை மாட்டுக் கொட்டிலுக்கை பதிஞ்சவங்கள். மூண்டாவது பாட்டிலை மாடு கத்துறது கேக்கும். அதுதான் றேடியோவிலை பிடிச்சுது! உடனை பெரிய கொம்பனிக்காரர் வந்து, ரண்டாவது அல்பத்தைப் பளபளவெண்டு செய்து குடுத்தினம். மாடுமில்லை, மண்ணுமில்லை. ஒருத்தரும் கேக்கேல்லை. கொம்பனி கைவிட்டிட்டுது. அவங்கள் ஓடித்திரிஞ்ச வான் நடுவழியிலை எரிஞ்சுது. பேஸ் கிற்றார்க்காரன் கோழிப்பண்ணை வைக்கப் போயிட்டான். இனிச் சரி, முடிஞ்சுதெண்டு இருக்கேக்கை, பேஸ் அடிக்கப் புதுசா ஒரு பிள்ளை வந்து சேந்தாள். ஐயோ அண்ணை, அவள் அடிக்கிற அடி! மூண்டாவது அல்பத்திலை பாதி அவள் எழுதினது. அதாலைதான் இப்ப ஐரோப்பா முழுக்கச் சுத்தி, டென்மார்க்குக்கும் வந்திருக்கினம்.

ஓம், நாளைக்கு ஓல்போர்க்கிலையும் கச்சேரி இருக்குத்தான். ஆனா நான் போகமாட்டன், என்னை எனக்குத் தெரியும். முந்தநாள் எஸ்பியர்க்குக்கு டிக்கெட்டும் கையுமாப் போய், கார் பார்க்கிலை ரண்டு மணித்தியாலம் இருந்திட்டுத் திரும்பி வந்தவள் நான். உள்ளுக்குப் போகக் கால் வரேல்லை. இண்டைக்கு எப்பிடியோ வாசல் மட்டும் வந்திட்டன். நீங்கள் திருப்பி அனுப்பினால் பிறகு எந்தக் காலத்திலும் வரமாட்டன்.

ஸ்ரெபானியோ? என்ர மகளுக்கென்ன, நல்லாயிருக்கிறாள். ஓம், டொக்டருக்குப் படிக்கத்தான் அமெரிக்கா போனவள். சோதினை பாஸ் எண்டு வருசா வருசம் நன்றிப் பூசை குடுத்து, உங்கள் எல்லாருக்கும் கேக்கும் வெட்டித் தந்தனான்தானே. நாலு கேக். முதல் வருசமே படிப்பை விட்டிட்டாள் அண்ணை. வெளியிலை சொல்ல எனக்கு வெக்கம். அண்டைக்கு அவளோடை கதைக்கிறதை விட்டனான், நாலு வருசமாச்சு. இப்ப பிள்ளையைக் காணாமல் விசர் பிடிக்குது.

ஆ, துவங்கீட்டினம்! கேக்குதோ, அடியிலை டும் டும் எண்டு போற பேஸ் சத்தம்? அது அவள்தான். என்ன அண்ணை, வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள், கதவைத் திறவுங்கோ.