வாகை மரத்துச் சிவப்புக் கோடு

எனக்குக் காளான் கறி பிடிக்காது. மரத்தில் தட்டுப்போல ஒட்டி வளர்ந்து, இறுகிப்போய், எந்தச் சட்டியிலும் வேகாத காளான்களைத்தான் பிடிக்கும். பொலிஸ் பொறுப்பதிகாரி அவர்களே, நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவர்கள் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். நான் கிழட்டு மரங்களைச் சுற்றி வந்து காளான்களை அளந்து கொப்பியில் இடாப்பு வைத்தேன். “மரத்துச் சொறியை அளக்கவோ கொப்பி வாங்கினனீங்கள்?” என்று என் மனைவி யோகமலர் கேட்பாள். நியாயமான கேள்வி.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மேட்டில் நின்ற வாகையில் ஒன்று இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத நிறம். பல்கலைக்கழகத்துக்குப் படம் அனுப்பினேன். புதுவகையாக இருக்கலாம், மரத்தோடு பார்க்கவேண்டும், தையில் வருகிறோம் என்று எழுதினார்கள். அன்றே கண்ணாடி முன் நின்று, காளானின் பெயரோடு என் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். சரவணமுத்து என்பது லத்தீனுக்குக் கொஞ்சம் நீளம்தான்.

இந்தக் காளான் எப்போதும் கிடைமட்டமாகவே வளரும். மரம் சாய்ந்தால் பழைய பகுதி சரிந்து நிற்கும், புதுப் பகுதி மறுபடி மட்டம் பார்த்து வளரும். அப்படித்தான் வாகை லயத்துப் பக்கம் சாய்வதை எல்லோருக்கும் முன்பே நான் கண்டுபிடித்தேன். கொப்பியில் பாருங்கள், கையெழுத்து அழகாக இருக்கும்.

ஐப்பசியில் தோட்டத்து ஆட்கள் வெட்டவேண்டிய பன்னிரண்டு மரங்களுக்குச் சிவப்புக் கோடு போட்டார்கள். வாகைக்கும் போட்டார்கள். நான் கம்பி பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்தேன், காளானில் படாமல். பதினொன்றுதான் இருக்கிறது என்றால் யாராவது தேடுவார்கள். அதனால் பக்கத்தில் சுகமாக நின்ற சவுக்குக்கு ஒரு கோடு போட்டேன். வாத்தியார் புத்தி.

வாகைக்கு நேர் கீழே, கடைசி லயத்து றோசாலி மட்டும் கவனித்துவிட்டாள். கோடு போட்ட நாளிலிருந்து, பயத்தில் மகளோடு அக்கா வீட்டில் தங்கியிருந்தவள் அவள்.

“மாஸ்டர், இந்த மரத்துக்குத்தானே கோடு போட்டிருந்தாங்க? சவுக்க வெட்டிட்டுப் போயிட்டாங்களே.”

“நீ மாறிப் பாத்திருப்பாய், பிள்ளை. இது இன்னும் நூறு வருசம் நிக்கும்.”

“மாஸ்டர் சொன்னா சரிதாங்க.”

அன்றே பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினாள். எட்டாம் வகுப்பில் அவளுக்குப் படிப்பித்தவன் நான்தான். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, சொன்னதை நம்புவாள்.

கார்த்திகை மழையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் அறைக்கு வந்திருந்த நேரம் மரம் விழுந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எல்லோரும் லயத்துக்கு ஓடினார்கள். நான் அடிமரத்துக்கு ஓடினேன். காளான் உடையவில்லை. அளந்து எழுதிவிட்டு நான் இறங்கி வந்தபோது, றோசாலியை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள்.

கோட்டை மாற்றியது நான். அவள் கூரையில்தான் விழும் என்று தெரிந்தே அவளை அங்கே அனுப்பியதும் நான். தைக்கு முன் விழாது என்று நினைத்தேன், அந்தக் கணக்குப் பிழைத்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான், மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். காளானுக்கு என் பெயர் வேண்டாம், றோசாலியின் பெயரை வையுங்கள் என்று. எவ்வளவு பெரிய மரியாதை அது. யாராவது விளக்கிச் சொன்னால் அவள் மகள் சந்தோஷப்படுவாள்.