ஒரு லேப்டாப்பில் மட்டும்

வைஃபை அடிக்கடி விட்டுப்போகிறது என்று யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு வைஃபையை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றிக் கொடுப்பேன். கல்லூரி வளாகத்தில் எல்லோருக்கும் அவசரம், ஒருவருக்கும் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு. என் மேலதிகாரியே அதைச் சொல்லியிருப்பார்.

நீங்கள் கேட்பது அந்த ஆராய்ச்சி மாணவியின் லேப்டாப்பைப் பற்றி. சொல்கிறேன் ஐயா.

அது முன்பு என் மனைவியிடம் இருந்தது. துறை கொடுத்த லேப்டாப். அவள் இறந்த பிறகு உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அவள் இருக்கைக்கு வந்த பெண்ணிடம் அதையும் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பெண் வாரம் தவறாமல் வந்தாள்.

"அண்ணா, வைஃபை என்னைக் கண்டாலே ஓடிப்போகுது. நான் அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?"

நான் சிரிக்கவில்லை. டிரைவரை மாற்றினேன். அடுத்த முறை ஆன்டெனா ஒயரைப் பார்த்தேன். அதற்கடுத்த முறை, சுவர் கனமாக இருக்கிறது, இடத்தை மாற்றி உட்கார் என்றேன். இந்த வேலையில் நாளைக் கடத்துவது பெரிய காரியமில்லை. கேட்பவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும். இவளுக்கு வரவில்லை.

போன வாரம், என் சக ஊழியர் பக்கத்தில் இருக்கும்போது வந்தாள்.

"அண்ணா, வேற லேப்டாப்பை என் சீட்டுல வச்சா ஜம்முனு ஓடுது. இதை லைப்ரரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் வைஃபை விழுது. அப்ப இடத்துல கோளாறு இல்ல."

"லேப்டாப்லதான் இருக்கும்."

"இருங்க." கட்டைவிரல் அளவு வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். செருகினாள். அதே லேப்டாப்பில் இணைப்பு ஆணி அடித்ததுபோல் நின்றது.

"உள்ள இருக்கிற வைஃபை கார்டு போயிருக்கும்," என்றேன்.

"வீட்டுல அதே கார்டுலதான் விடிய விடியப் படம் பார்க்கிறேன்."

சக ஊழியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "யாரோ இந்தக் கார்டை அடையாளம் வச்சுத் தள்ளிவிடுறாங்கண்ணா. அப்படிச் செய்யத் தெரிஞ்சவங்க இங்க எத்தனை பேர்?"

சக ஊழியர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் வைத்துவிடுகிறார்கள். லேப்டாப்பைத் துடைத்து யாரிடம் கொடுத்தாலும் அது மாறாது. அந்த எண் எப்போது வந்தாலும் வெளியே தள்ளு என்று நெட்வொர்க்குக்குச் சொல்லி வைத்தவன் நான்தான். எடுத்துவிட ஒரு நிமிடம் போதும். மனசு வரவில்லை. என் மனைவிக்காக வைத்தது அது. அவள் இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு நான் எதற்குச் சௌகரியம் செய்து தர வேண்டும்?

என் மனைவி முதலில் என்னிடம் வந்தபோது கோளாறு உண்மையானது. சரிசெய்து கொடுத்தேன். அப்புறம் அவள் வரக் காரணமில்லாமல் போயிற்று. நான் ஒன்றை உண்டாக்கினேன்.

"டாக்டர், உங்க பேஷன்ட் மறுபடியும் படுத்துட்டான்," என்று வந்து ஸ்டூலில் உட்காருவாள். நான் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பேன். பேச்சுக் கொடுக்க ஆளுக்கொரு வழி. கல்யாணத்துக்குப் பிறகு சண்டை வந்தால் மட்டும் அதைச் செய்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். வைஃபை போய்விட்டால் என்னிடம்தானே வரவேண்டும்? வருவாள். பேசுவோம். கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

பிறகு அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது.

"நான் போகத்தான் போறேன்," என்றாள் அன்று காலை. "நீ வந்தா வா, வராட்டி விடு. உன்கிட்டக் கெஞ்சி எனக்கு அலுத்துப்போச்சுடா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும்."

அன்றைக்கு லேப்டாப்போடு அவள் செல்போனையும் வெளியே தள்ளச் சொல்லி வைத்தேன். அவளுடைய ஆய்வகம் நிலத்தடியில் இருக்கிறது. செல்போன் சிக்னல் அங்கே எட்டிப் பார்க்காது. வைஃபை இல்லாவிட்டால் வெளி உலகம் இல்லை. இயந்திரத்தில் சாம்பிள் ஓடினால் சாயங்காலம்வரை நகரவும் முடியாது. அன்று ஓடியது, அவள் தனியாக இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் லேப்டாப் நெட்வொர்க்குக்குள் வரப் பார்ப்பது என் திரையில் தெரிந்தது. விழுந்தது. மறுபடி வந்தது, விழுந்தது. பிறகு செல்போன். பிறகு இரண்டும் மாறி மாறி, மூச்சு விடாமல். பதில் அனுப்பத் துடிக்கிறாள் என்று நினைத்தேன். துடிக்கட்டும் என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் வருவது நின்றது. கோபம் தணிந்திருக்கும் என்று டீ குடிக்கப் போனேன்.

கூட்டுகிற அம்மா பார்த்துவிட்டுக் கத்தியபோதுதான் எனக்குத் தெரியும். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கையில் இருந்த ஸ்பிரே தீர்ந்திருந்தது. இன்னொன்று என் மேசை டிராயரில் எப்போதும் இருக்கும்.

மருத்துவமனையில் அவள் செல்போனை என்னிடம்தான் கொடுத்தார்கள். கணவன் அல்லவா. போகாமல் நின்ற செய்திகள் எல்லாமே எனக்கு எழுதியவை. 'ஸ்பிரே கொண்டு வா.' 'சீக்கிரம்.' அதற்குப் பிறகு வெறும் எழுத்துகள். அந்த வெளியூர் வேலைக்கான பதிலை அவள் காலையிலேயே போட்டிருந்தாள், வீட்டிலிருந்து. வர முடியாது என்று. படித்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன்.

அவள் அம்மா என்னைக் கொலைகாரன் என்று சொல்வதாகச் சொன்னீர்கள். பெற்ற வயிறு, சொல்லிவிட்டுப் போகட்டும். நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை. ஆய்வகக் கதவு திறந்தேதான் கிடந்தது. என் அறை அதற்கு நேர் மேலே, ஒரே ஒரு மாடி. ஏறி வந்து கேட்டிருந்தால் எப்போதும்போல் நானே சரிசெய்து கொடுத்திருப்பேன்.