மச்சான் பிடித்த கயிறு

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கைப்பேசியில் பார்ப்பது பாவம் சார். அதற்காகவே ஒடுகத்தூரிலிருந்து பெரிய டிவி ஒன்றை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பழைய கொலைப் படத்தை நீங்களும் பார்க்க வேண்டும். கூட்டாளியைக் கொன்றவன், விசாரிக்க வந்த போலீஸுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கிறான். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவன் முகத்தில் வரிவரியாக விழுகிறது. அவன் பொய் சொல்லி முடிக்கும்வரை கேமரா அசைவதில்லை. அவன் இமையும் அசைவதில்லை. நடிப்பென்றால் அது. இதையெல்லாம் என் மனைவி அருணாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். கொட்டாவி விட்டாள்.

சாமை அறுப்பு முடிந்து என் தங்கை கல்பனாவும் அவள் புருஷன் வேடியப்பனும் வந்தார்கள். அதே படத்தைப் போட்டேன். நான் சொன்னதையேதான் அவனும் சொன்னான்.

"நெழலப் பாரு தங்கச்சி. பாதி மூஞ்சி மனுசன், பாதி மூஞ்சி பேய். கேமராக்காரன் இன்னா வேல பண்ணிக்கிறான் பாரு."

அருணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட, ஆமாண்ணா! இத்தினி நாளா எனக்கு யாரும் இத சொல்லவே இல்லியே."

யாருமாம். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது சார். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? அதன் பிறகு அந்தக் காட்சியே அவளுக்கு 'அண்ணன் சொன்ன எடம்' ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் பாறைத் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு அவன் பெண்டாட்டியின் அண்ணன்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலியை எவனாவது அறுப்பானா என்ற நம்பிக்கைதான். வேடியப்பனும் நம்பித்தான் இறங்கினான். கீழே தொங்கிக்கொண்டே குரல் கொடுத்தான். "மச்சான், அருணா தங்கச்சிக்கு ஒரு தேனட தனியா எட்த்து வச்சிக்கிறேன். மறக்காம குட்த்துடு."

நல்ல மனசு. நான் மரத்தில் கட்டியிருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்தேன். பிறகு கையையும் விட்டேன்.

கயிறு வழுக்கிவிட்டது என்று ஊரில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். கல்பனாகூட என் மடியில் விழுந்து, "நீ இன்னாண்ணா பண்ணுவ, என் தலையெழுத்து" என்று அழுதாள். அருணா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தானாம். எனக்கு வருத்தமில்லை சார். சாவு வீட்டில் வேடியப்பனை விட்டுவிட்டு என்னையேதான் கவனித்திருக்கிறாள், பாருங்கள்.